நடுத்திட்டில் ஒரு டப்பாச் சத்தம்

“…அதனால கால நிறுத்து, மாசிலா. ஒருத்தர் எண்ணினா அது அபிப்பிராயம், ரெண்டு பேர் எண்ணினாத்தான் கணக்கு. அதுல எனக்கு மட்டும் விலக்கு கிடையாது” என்றார் அந்துவான் சார்.

இதை அவர் என்னிடம் சொன்னது ஒரு மாசி மாதக் காலையில், ஆற்று வாய்க்கு வெளியே நடுத்திட்டின் எதிரே, தரை தட்டி நின்ற படகின் பக்கத்தில். அடுத்து அவர் செய்த காரியத்தால் திட்டு தப்பித்தது. அவருடைய பெயர்தான் தப்பிக்கவில்லை. இதையெல்லாம் எழுதும் எண்ணமே எனக்கு இருந்ததில்லை. போன மாதம் அலுவலகத்திலிருந்து நிவேதா என்ற பெண் போன் செய்தாள். பழைய எண்ணிக்கை நோட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். “ஐயா, ஒரு நாலு வருசத்துல ரெண்டாவது ஆளோட கட்டத்த மட்டும் சிவப்பு மையில அடிச்சிருக்காங்களே, ஏன்?” என்று கேட்டாள். “அது பெரிய கதைம்மா” என்றேன். “அப்ப எழுதிக் குடுங்க, ஸ்கேன் பண்ணிக்கிறேன்” என்றாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கதை கேட்கக்கூட ஸ்கேனர் வேண்டியிருக்கிறது.

நான் பிள்ளைச்சாவடிக்காரன். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்றுவிட்டு, கணக்கு வேண்டாத வேலை என்று நம்பி வனத்துறையில் படகோட்டியாகச் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த வேலை பறவை எண்ணுவது. சேரும்போது எனக்கு மூன்று வகைப் பறவைதான் தெரியும்: மீன் இருக்கும் இடத்தைக் காட்டுவது, மீனைத் திருடுவது, இரண்டுமில்லாதது. என் மச்சான் கடற்கரையில் எல்லோரும் கேட்க உரக்கச் சொல்வான்: “கடல்ல இன்னா மீன் கெடக்குதுன்னு எண்றதுக்கு ஆளக் காணோம். மேல பறக்கறத எண்ணறதுக்கு நம்ம மாப்ள கவர்மெண்ட்டு!” உள்ளான் எது, உப்புக்கொத்தி எது, பவளக்காலி எது, மூக்கான் எது என்று பிரித்துப் பார்க்க மூன்று குளிர்காலம் ஆனது. ஒரு படப் புத்தகமும் என் மேலதிகாரி அந்துவான் சாரின் பொறுமையும்தான் என் காலேஜ்.

ஆற்று வாய்க்கு வெளியே வரிசையாக மூன்று மணல் திட்டுகள். மரம் கிடையாது, குடிதண்ணீர் கிடையாது, ஆள் கிடையாது. வடக்கே எங்கோ பனி விழும் தேசத்திலிருந்து வரும் பறவைகள் ஐப்பசியில் வந்து இறங்கி, மாசி முடியும்போது திரும்பிப் போகும். போவதற்கு முன்னால் வயிறு முட்டத் தின்று கொழுத்துப்போய்க் கூட்டமாக நிற்கும். கல்யாண வீட்டிலிருந்து ஊருக்குப் புறப்படும் சனம் பந்தியில் நிற்பது மாதிரி. அதனால்தான் மாசி எண்ணிக்கைக்கு அத்தனை மரியாதை. நீர் ஏறும்போது இரண்டு ஓரத் திட்டுகளும் முழுகிவிடும். எல்லாப் பறவையும் நடுத்திட்டில் நெருக்கியடித்துக்கொண்டு, காற்றைப் பார்த்தபடி ஒற்றைக்காலில் நிற்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் எண்ணி முடித்துவிட வேண்டும்.

எண்ணுவதற்கு அந்துவான் சார் ஒரு முறை வைத்திருந்தார். முதலில் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ள வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, அதே அளவைக் கூட்டத்தின்மேல் பத்துப் பத்தாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும். முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அவரவர் எண்ணை மையில் எழுதியபிறகுதான் நோட்டைச் சேர்த்து வைத்துப் பார்ப்போம். வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போனால் இரண்டையும் அடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

முதல் வருடம் எனக்கு இது தெரியாது. எண்ணி முடித்த சந்தோஷத்தில், “ஐந்நூத்திப் பத்து சார்!” என்று கத்திவிட்டேன். அவர் பைனாகுலரை இறக்கினார். “மெர்சி” என்றார். அவர் திட்டுவதற்கு முன்னால் நன்றி சொல்வார். அது பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பழக்கமோ அவர் அம்மா வளர்த்த வளர்ப்போ தெரியாது. “இனிமே நான் எண்ணினா ஐந்நூத்திப் பத்துதான் வரும். என் கண்ண நீ எடுத்துக்கிட்ட. நாளைக்கு வருவோம்” என்றார். திரும்பிவிட்டோம். அந்த ஒரு கத்தலுக்காக இரண்டு நாள் டீசல்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். திட்டில் இறங்கும்போது பாலிஷ் போட்ட ஷூவைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொள்வார். படகு விரைந்தால் “தூஸ்மான், தூஸ்மான்” என்பார். மெதுவாக என்று அர்த்தம் என்பதை எஞ்சினே புரிந்துவைத்திருந்தது. சாப்பிட்டுவிட்டு எண்ணக் கூடாது. “வயிறு நெறஞ்சா பறவையும் நெறையாத் தெரியும்” என்பார். மாசி எண்ணிக்கை பெரும்பாலும் தவக்காலத்தில் வரும். அவர் அந்த நாற்பது நாளும் மீன் தொட மாட்டார். அலுவலக வாசலில் மீன் கூடை வைத்துக்கொண்டு ஆட்கள், “மிசியே, ஒண்ணே ஒண்ணு, சாமி பாக்காது” என்று வம்புக்கு இழுப்பார்கள். “சாமி பாக்கலன்னாலும் ரெண்டாவது ஆள் ஒருத்தர் பாத்துக்கிட்டு இருக்காரே” என்று என்னைக் காட்டிவிட்டுப் போவார்.

டப்பா என் கண்டுபிடிப்பு. ஐந்நூறு தாண்டினால் எனக்கு எத்தனை பத்து போட்டோம் என்பது மறந்துவிடும். அதற்காகக் காலிப் பால்பவுடர் டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, பத்துக்கு ஒரு கிளிஞ்சல் போடுவேன். கையில் எப்போதும் பத்துக் கிளிஞ்சல். தீர்ந்தால் இன்னொரு பத்து. கடைசியில் டப்பாவைக் கொட்டி எண்ணினால் கணக்கு தயார். ‘டிங்’ என்று சின்னச் சத்தம் வரும். பறவைகள் அதைச் சட்டை செய்யவில்லை. அந்துவான் சாரும் முதலில் சட்டை செய்யவில்லை.

டப்பா வந்த சில வருடங்களில் எங்கள் இரண்டு எண்களும் ஆச்சரியமாக ஒத்துப்போக ஆரம்பித்தன. அறுநூறு எழுநூறு பறவையில் நாலைந்துதான் வித்தியாசம் வரும். மற்ற இடங்களில் இரண்டு பேர் எண்ணினால் நூறு இருநூறு உதைக்கும். அலுவலகக் கிளார்க் எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, “எனக்கும் என் வீட்டுக்காரிக்கும்கூட ஜாதகம் இவ்ளோ பொருந்தல” என்றார். மேலிடத்திலிருந்து இருவருக்கும் துல்லியத்துக்கான பாராட்டுச் சான்றிதழ் வந்தது, கண்ணாடிச் சட்டம் போட்டு. வெளியூரிலிருந்து ஆட்களை அனுப்பி எங்களிடம் பயிற்சி எடுக்கச் சொன்னார்கள். கணக்கில் தோற்ற நான், கரும்பலகை முன்னால் நின்று பட்டதாரிகளுக்கு எண்ணுவது எப்படி என்று வகுப்பெடுத்தேன். டப்பாவை ஆட்டிக் காட்டினேன். கை தட்டினார்கள்.

அவர் ஓய்வு பெற மூன்று வருடம் இருக்கும்போது ஒரு மாசியில் என் கை வழுக்கியது. எட்டுக் கிளிஞ்சல் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு டப்பாவில் விழுந்துவிட்டது. கையில் இரண்டு மிச்சம் இருந்ததால் எட்டு என்று எனக்குத் தெரியும். கடைசியில் எட்டைக் கழித்துவிட்டு எழுதினேன்: அறுநூற்று நாற்பத்து மூன்று. அவர் நோட்டைத் திறந்தார்: எழுநூற்று இருபத்தொன்று.

“பத்துல ஒரு பங்குக்கு மேல. அடிச்சிடு. திரும்ப எண்ணுவோம்” என்றார் அமைதியாக.

வித்தியாசம் எழுபத்தெட்டு; உருண்டு விழுந்த கிளிஞ்சல் எட்டு. இரண்டாம் முறை எண்ணும்போது வேண்டுமென்றே இரண்டு கிளிஞ்சல் கூடுதலாகப் போட்டேன். எனக்கு வந்தது அறுநூற்று முப்பத்தெட்டு. அவர் எழுதியிருந்தது அறுநூற்று ஐம்பத்தாறு. கிட்டத்தட்ட அந்த இரண்டு கிளிஞ்சல். மனிதர் பறவையை எண்ணவில்லை. என் டப்பாவை எண்ணிக்கொண்டிருக்கிறார்.

திரும்பி வரும்போது ஒரு அற்பத்தனம் செய்தேன். ஓரத்திட்டில் யாரோ விட்டுப்போன வலை மிதவைகள் இரண்டு கறுப்பாகக் கிடந்தன. “சார், அங்க கோட்டான் ரெண்டு நிக்குது பாருங்க” என்றேன். கோட்டான் என்றால் ஆந்தையல்ல, வளைந்த நீள மூக்குள்ள கரைப்பறவை. அவர் பைனாகுலரை உயர்த்தி, நிதானமாகப் பார்த்து, “ம்ம். வயசான ஜோடி போல” என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டிருக்கவே கூடாது என்று தோன்றியது. மறுநாள் அதே வழியாகப் போனோம். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டார்: “நேத்து நீ காமிச்ச கோட்டான் ரெண்டும் இன்னும் அங்கயேதான் நிக்குதா, மாசிலா?”

“…ஆமா சார்.”

“ஒரு நாள் பூரா நகராத கோட்டான நான் பார்த்ததில்ல.”

“வயசான ஜோடி இல்லியா சார்.”

“தூஸ்மான்” என்றார். எஞ்சினை ஏற்கெனவே குறைத்துத்தான் வைத்திருந்தேன்.

அந்த வாரமே கையெழுத்து வாங்க வேண்டிய தாள் ஒன்றோடு உழவர்கரையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பூசைக்குப் போயிருந்தார். அவர் மனைவி தெரேஸ் அம்மா காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“உனக்குத் தெரிஞ்சுபோச்சு, இல்ல?” என்றார்.

நான் காபியைப் பார்த்தேன்.

“கண்ணுல புரைன்னா அறுத்து எடுத்துடலாம். இது வேற. நடுவுல மட்டும் அழிஞ்சிட்டே வருதாம், ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டாங்க. ஓரத்துல இருக்கறதெல்லாம் தெரியும், எதப் பாக்கறாரோ அது தெரியாது. என்னப் பாத்தா என் மூஞ்சி தெரியல, பின்னால இருக்கற பீரோ தெரியுதாம். இதுல புதுசா இன்னா இருக்கு, கல்யாணம் ஆனதுலேந்து அப்டித்தான பாக்குறீங்கன்னு சொன்னேன்.”

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். “போன வருசம்தான் இது ஆரம்பம். மொதல்ல ஒரே ஒரு தடவதான் உன் சத்தத்த வச்சு எழுதினாராம். அப்புறம் நிறுத்த முடியல. இன்னும் மூணு மாசிதான்யா. அவரு பேரோட ரிட்டயர் ஆவட்டும். இவ்ளோ நாள் சேத்த பேரு அது ஒண்ணுதான். வுட்டுடாத அவர.”

விடவில்லை. அடுத்த இரண்டு மாசியும் அவர் காதுக்குச் சரியாகக் கேட்கும்படி கிளிஞ்சலை உயரத்திலிருந்து போட்டேன். இரண்டு பேர் கணக்கு என்று எழுதிக்கொடுக்கிறோமே என்று உறுத்தியதால், நானே இரண்டு முறை எண்ணினேன்: இடமிருந்து வலம் ஒரு தடவை சத்தமில்லாமல், வலமிருந்து இடம் ஒரு தடவை டப்பாவோடு. ஒரே ஆள் இரண்டு பக்கமும் நடந்தால் இரண்டு ஆள் ஆகிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் தன் நோட்டில் என் எண்ணோடு மூன்றோ நாலோ கூட்டிக் குறைத்து எழுதுவார், ஒட்டிப் பிறந்ததுபோல் தெரியாமல் இருக்க. நேர்மையானவர்கள் பொய் சொல்லும்போது அதையும் எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறார்கள்!

அவருடைய கடைசி மாசி வந்தது. கூடவே ஒரு கம்பெனியும் வந்தது. நடுத்திட்டில் மரவீடுகள், கயிற்றுப் பாலம், நிலா வெளிச்ச விருந்து என்று பெரிய வரைபடம். குளிர்காலப் பறவைகள் வருடா வருடம் வந்துகொண்டிருக்கும்வரைதான் திட்டு ஆள் நுழையக் கூடாத இடம். பழைய எண்ணிக்கையில் பாதிக்குக் கீழே போய்விட்டால் திறந்துவிடலாம் என்பது உத்தரவு. அங்கே இப்போது காக்காய்கூட இல்லை என்றது கம்பெனி. இந்த மாசி எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யலாம் என்றது மேலிடம். கம்பெனி சார்பில் பார்வையிட, பறவையில் டாக்டர் பட்டம் வாங்கிய சபேசன் என்பவர் சென்னையிலிருந்து வந்தார். முக்காலி வைத்த தொலைநோக்கி, அகலத் தொப்பி, அடக்கமான பேச்சு. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். வழியில் எனக்கு அவர் வீட்டு முறுக்கு கொடுத்தார்.

திட்டின் எதிரே படகைத் தரைதட்ட விட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றோம். அந்துவான் சாரின் ஷூ கழுத்தில். எதிரே மணல் தெரியாத அளவுக்குப் பறவை. சாம்பலும் பழுப்புமாக ஒரு கம்பளி விரித்து, அது மூச்சு விடுவது மாதிரி இருந்தது. சில உப்புக்கொத்திகளுக்கு ஊர் திரும்பும் முன்னால் வரும் செந்நிறம் நெஞ்சில் பூசியிருந்தது. நான் டப்பாவை எடுத்து இடுப்பில் அணைத்துக்கொண்டு முதல் கிளிஞ்சலைப் போட்டேன்.

“ஒரு நிமிஷம்” என்றார் சபேசன், தயங்கித் தயங்கி. “அந்தச் சத்தம் வேண்டாமே. பறவைங்க கலையும். கலைச்சுட்டுத்தான் எண்ணினாங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது பாருங்க.”

“பத்து வருசமா கலையல சார்” என்றேன்.

“உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

நான் அந்துவான் சாரைப் பார்த்தேன். அவர் திட்டைப் பார்த்தபடி நின்றார். அதாவது அவர் முகம் அந்தப் பக்கம் இருந்தது. “அவர் சொல்றது சரி. டப்பாவ வை” என்றார்.

வைத்தேன். இப்போது என்ன செய்வது? அவர் ஏதாவது ஒரு எண்ணை எழுதுவார். அது எங்கேயோ போய் நிற்கும். வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டும். மறுபடி எண்ணச் சொல்வார், மறுபடியும் தாண்டும், சபேசன் நோட்டை வாங்கிப் பார்ப்பார், நீர் இறங்கிப் பறவை கலைந்துவிடும். திட்டும் போகும், இவர் பெயரும் போகும். நான் படகில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பின்னாலிருந்த பலகையில் குதிகாலால் பத்துக்கு ஒரு முறை மெல்லத் தட்ட ஆரம்பித்தேன். யோசித்துச் செய்ததல்ல. தெரேஸ் அம்மாவின் காபி என் காலில் இறங்கியிருந்தது.

ஏழு தட்டுக்குப் பிறகு அவர் கை என் தோளில் விழுந்தது.

“இத்தன வருசம் உனக்கு வாய் மூடச் சொல்லிட்டு, நான் காதத் தொறந்து வச்சிட்டிருந்தேன். அதனால கால நிறுத்து, மாசிலா…” என்று தொடங்கித்தான், முதலில் எழுதினேனே, அதைச் சொன்னார்.

பின்னால் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைய எண்ணிக்கை செல்லுபடியாயிற்று. இரண்டு எண்களுக்கும் பதினான்குதான் வித்தியாசம். திட்டு இன்றைக்கும் மரவீடு இல்லாமல் மணலாகத்தான் கிடக்கிறது. சபேசனை அந்தக் கம்பெனி அப்புறம் எதற்கும் கூப்பிடவில்லையாம். அதற்கு முந்தைய நான்கு வருடமும் அந்துவான் சார் எழுதிய கட்டத்தைச் சிவப்பு மையில் அடித்தார்கள். ஓய்வு விழா நடக்கவில்லை. ஒரு மதியம் அவர் சாவியை மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பாராட்டுச் சான்றிதழைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்தது. தெரேஸ் அம்மா, “பேப்பர எடுத்துக்கட்டும், பிரேம் நல்லா இருக்கு, அத வச்சிக்கறேன்” என்று சொல்லி அனுப்பினார். அந்துவான் சாருக்குக் கண் தெரியாததை ஏன் தெரிவிக்கவில்லை என்று எனக்கு மெமோ வந்தது. ‘அவர் என்னிடம் சொல்லவில்லை’ என்று பதில் எழுதினேன். அது முழு உண்மை. இரண்டு பக்கமும் நடந்து நான் எண்ணிய அந்த வருடங்களின் எண்கள் இப்போது ‘ஒருவர் பார்வை மட்டும்’ என்ற தலைப்பின்கீழ் கம்ப்யூட்டரில் ஏறுகின்றனவாம். அதாவது, அபிப்பிராயம். அவர் கணக்குப்படி அது சரிதான்.

இனி, அந்தக் காலையில் அவர் செய்தது.

என் தோளிலிருந்து கையை எடுத்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். நோட்டைத் தன் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, காகம் பார்ப்பதுபோல் தலையைச் சாய்த்து, தன் கட்டத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: ‘பார்வை இல்லை. எண்ணவில்லை. முந்தைய நான்கு வருடமும் எண்ணவில்லை, கேட்டு எழுதினேன்.’ கையெழுத்துப் போட்டார். மை காயும்வரை ஊதினார்.

பிறகு நோட்டையும் பேனாவையும் சபேசனிடம் நீட்டினார். “மிசியே, ரெண்டாவது ஆள் நீங்கதான். நீங்க எண்ணற எண்ண நீங்களே எழுதுங்க. ஒரே ஒரு சட்டம்: எழுதி முடிக்கறவரைக்கும் எங்க மாசிலாகிட்டப் பேசக் கூடாது.”

சபேசன் தொப்பியைக் கழற்றினார். எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தார். “சார், நான் அவங்க சார்பில வந்தவன்…” என்றார்.

“பறவைக்கு அது தெரியாது. நீர் இறங்கறதுக்குள்ள ஆரம்பிங்க.”

சபேசன் தொலைநோக்கியில் குனிந்தார். நானும் பைனாகுலரை உயர்த்தினேன். அந்துவான் சார் பேன்ட் தொடைவரை நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் தண்ணீரில் நாலடி நடந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து, ஒருவர் தாள் மற்றவருக்குத் தெரியாதபடி மறைத்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவர் மாதிரி நின்றார்.